ஈயப்பத்து வைத்த பவுண்

சிரட்டைக்கரி புகையும் மணமும் புளி கொதிக்கும் மணமும் சேர்ந்து வந்தால் எனக்கு அது உன் வீட்டு வாசல்தான். நாற்பத்தைந்து வருடமாக அந்த மணம் வரக்கூடிய பக்கமே போகாமல் கெட்டித்தனமாகத் தப்பியிருந்தேன். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு, உன் வீடு இருக்கும் செட்டியார் தெருவுக்குப் போகாமலே நகை வாங்கலாம், கோயிலுக்குப் போகலாம், இரண்டு பிள்ளைகளுக்குக் கலியாணமும் செய்து வைக்கலாம். நான் செய்திருக்கிறேன். போன சனிக்கிழமைக்கு முந்திய சனிக்கிழமைதான் மாட்டுப்பட்டேன்.

மாட்டிவிட்டது என் மகள். மெல்பேணிலிருந்து விடுமுறைக்கு வந்தவள், பிறந்து வளர்ந்த ஊரைச் சுற்றிப் பார்க்கக் காசு கட்டிப் பெயர் கொடுத்திருந்தாள். "ஹெரிட்டேஜ் வோக் அம்மா. பழைய கோயில், பொன் வேலை செய்யிற ஆக்களின்ர ஒழுங்கை, முடிய ஒரு தேத்தண்ணி. உங்களுக்கும் சேர்த்துப் போட்டிட்டன்" என்றாள். எந்தச் சந்து, எந்த ஒழுங்கை என்று கேட்டேன். ஃபோனில் படத்தைக் காட்டினாள். உன் வீட்டுப் படி. வலப்பக்க மூலை உடைந்த அதே படி. உன் அப்பா கோயிலுக்குப் புறப்படும்போது செருப்பை அதில் தட்டிவிட்டுத்தான் போடுவார்.

நீ போய் அப்போது ஐந்து கிழமை. பத்திரிகையில் மரண அறிவித்தலைப் பார்த்திருந்தேன். கண்ணாடி போட்ட, தலை முழுக்க நரைத்த ஒருத்தியின் படம். பெயரை வாசித்துத்தான் நீ என்று பிடித்தேன். இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு சகோதரியும் என்று போய், அன்பு மனைவியும் என்று வரவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லாமல் அந்த அறிவித்தல் முடிந்திருந்தது. அன்றே அண்ணா கனடாவிலிருந்து ஃபோன் எடுத்தார். "செத்தவீட்டுக்குப் போனனியோ?" என்று கேட்டார். "நல்ல மழை" என்றேன். அன்று மழை பெய்யவில்லை.

சனிக்கிழமை புறப்படும்போது அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்து மகளுக்குத் தெரியாமல் கைப்பைக்குள் வைத்தேன். உள்ளே இரண்டாக உடைந்த பொன். என்ன பொன் என்பது உனக்குத் தெரியும்.

பன்னிரண்டு பேர் போனோம். வெயில் ஏறுமுன்னமே செட்டியார் தெருவில் கைவண்டிகள் நெருக்கின. எங்களைக் கூட்டிப்போனவள் ஒரு முஸ்லிம் பிள்ளை. கெட்டிக்காரி, இனிமையான பேச்சு, இங்கிலிஷிலும் தமிழிலும் மாறிமாறிச் சொல்லிக்கொண்டு வந்தாள். "ஆன்ட்டி, இங்கால நெழல்ல வாங்க" என்று என்னை மட்டும் இரண்டு தரம் கவனித்தாள். கதிரேசன் கோயில்களைக் காட்டினாள். வேல் தேர் புறப்படும் வழியைக் காட்டினாள். பிறகு உன் ஒழுங்கைக்குள் திரும்பி, உன் படிக்கு முன்னால் நின்றாள். அந்த மணம் வந்தது.

"இது நாலு தலமொறையா பொன் வேல செய்யிற வீடு" என்று தொடங்கினாள். "இந்த வீட்டுக்கு ஒரு கதை ஈக்கி. இந்த வீட்டுப் பொண்ணுக்கு வெள்ளவத்தைல ஒரு பெரிய எடத்துல கல்யாணம் பேசினாங்க. இவங்கட வழக்கப்படி மாப்பிள்ள வீட்டுல வெச்சு தாலிக்குத் தங்கம் உருக்கணும். உருக்கினது பொண்ணோட அப்பாவே. ஆனா அந்த மனுஷன் அதுலயும் கை வெச்சிட்டார். சொந்த மகள்ட தாலித் தங்கத்துல! அம்மன் சும்மா விடுவாவா? எல்லாருக்கும் முன்னால தங்கம் ரெண்டா உடஞ்சிச்சு. கல்யாணம் நின்டுச்சு. அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் கல்யாணம் முடிக்கல்ல."

"ஐயோ பாவம்" என்றாள் ஒரு பெண். தொப்பி போட்ட ஒருவர், "இதுக்காகத்தான் நான் துபாயில வாங்கிறது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். யாரோ குனிந்து படியைப் படம் எடுத்தார்கள். என் மகளும் சிரித்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது, அவளுக்கு யார் சொன்னது?

நான் சிரிக்கவில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை. வாய் திறக்காமல் இருப்பதில் எனக்குப் பழைய அனுபவம் உண்டு.

பம்பலப்பிட்டி டைப்பிங் வகுப்பில் உனக்கு வாய்த்த மெஷினில் ஓரெழுத்து ஒட்டிக்கொள்ளும். மற்றப் பெண்கள் என்றால் ஆசிரியரைக் கூப்பிட்டிருப்பார்கள். நீ பின்னலிலிருந்து ஊசியை உருவி, அதைக் கிண்டி எடுத்துவிட்டு, ஊசியைத் திரும்பச் செருகிக்கொண்டு அடிக்கத் தொடங்கினாய். முதல் நாளே எனக்கு உன்னைப் பிடித்துவிட்டது. நீ என்னை 'வெள்ளவத்தை மகாராணி' என்றாய். நான் குடை இல்லாமல் பஸ் ஏறமாட்டேன் என்பதற்காக. பகிடி செய்துகொண்டே என் குடைக்குள் நடந்தவள் நீ.

அண்ணா உன்னைக் கண்டது ஆடிவேல் திருவிழாவில். உங்கள் தெருவில் புறப்பட்ட வேல் காலி வீதி வழியே எங்கள் பக்கம் வந்தபோது நீ வெறுங்காலோடு தேருக்குப் பின்னால் நடந்து வந்தாய். எங்கள் வீட்டுக் கேற்றடியில் அண்ணா மோர் வார்த்துக்கொண்டு நின்றார். நீ இரண்டாம் தரமும் செம்பை நீட்டினாய். தாகம்தான் என்று கடைசி வரை சாதித்தாய். நான் நம்பினேனா என்று கேட்காதே.

அம்மா ஒரு வருடம் கத்தினா. எங்கள் வீட்டுக்குப் பொன் வேலை செய்யும் வீட்டுப் பெண்ணா என்று. உன் அப்பாவை முகத்துக்கு முன்னால் 'பத்தர்' என்பா. அவர் படி இறங்கியதும் வேறு சொல் வரும். அதை உனக்கு எழுதவேண்டியதில்லை, உனக்குக் கேட்டிருக்கும். என்னிடம் வேறு மாதிரி அழுதா. "அவன் அங்கை கட்டினால் உன்னை ஆர் கேட்டு வருவினம்? யோசிச்சியோ?" என்பா. நான் யோசித்தேன். அதுதான் உண்மை. உன்னோடு குடைக்குள் நடக்கும்போதும் யோசித்தேன்.

அண்ணா ஒரே பிடியாக நின்றார். அவர் வாழ்க்கையில் அப்படி நின்ற ஒரே சந்தர்ப்பம் அது. அம்மா இறங்கி வந்தா. ஆனால் இறங்கி வந்த ஒவ்வொரு படியிலும் ஒரு குத்தல் வைத்தா. பொன்னுருக்குக்குப் புதுப் பவுண் வாங்குவதுதானே முறை? "எதுக்கு? வீட்டில கிடக்கிற பவுண் காணும்" என்றா. வெளியிலிருந்து ஒரு பத்தரைக் கூப்பிடுவதுதானே முறை? "சம்பந்தி வீட்டிலேயே பத்தர் இருக்கேக்குள்ளை வெளியில ஏன்?" என்றா. சம்பந்தியாக வந்து பாயில் அமர வேண்டிய மனிதரைக் கரியும் நெருப்பும் சுமந்துகொண்டு வந்து தரையில் குந்தவைக்கும் ஏற்பாடு அது. அடுத்த நாள் வகுப்பில் நீ முகம் கறுத்திருந்தாய். உன் அப்பாவுக்கு அது பெரிதாகப் படவில்லையாம். "என்ர பிள்ளைக்கு நான் உருக்காமல் வேறை ஆர் உருக்கிறது?" என்றாராம். நீ அதைச் சொன்னபோது உன் குரல் உடைந்தது.

இனி அந்தப் பவுண். அது என் சங்கிலியில் தொங்கிய தங்கக் காசு. அம்மாவுக்குத் தெரியாமல் ஒருநாள் வகுப்புக்குப் போட்டு வந்தேன். பஸ் நெரிசலில் அதன் வளையம் பிய்ந்தது. "அப்பாட்டைக் குடு, ஒரு நிமிசத்தில ஒட்டித் தருவார்" என்றாய். உன் அப்பாவின் வாய் வழியாக அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து, எங்கள் ஒழுங்கை முனையிலிருந்த ரேடியோ திருத்தும் கடையில் கொடுத்தேன். அவன் ரேடியோவுக்கு ஒட்டுவதுபோலவே ஈயத்தை உருக்கி ஒட்டித் தந்தான். அடுத்த நாள் நீ அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தாய். "பவுணுக்கு ஈயப்பத்தோடி! அப்பா கண்டால் மயங்கி விழுந்திடுவார். இதை ஒருநாளும் நெருப்புக்குக் கிட்டக் கொண்டு போகாதை, ஈயம் துளி சேர்ந்தாலும் பொன் உடைஞ்சு போகும்" என்றாய். நானும் சிரித்தேன்.

பொன்னுருக்கன்று காலை அம்மா அதே பவுணை என் கையில் தந்து, வளையத்தைக் குறட்டால் கழற்றச் சொன்னா. கழற்றினேன். விளிம்பில் சாம்பல் நிறமாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. மஞ்சளைக் குழைத்துப் பவுண் முழுக்கத் தடிப்பாகப் பூசி, குங்குமம் வைத்து, வெற்றிலையில் வைத்துக் கொடுத்தேன். நீ சொன்னது அந்த நேரம் எனக்கு ஞாபகத்தில் இல்லை.

நீ அன்று வரவில்லை, பெண் வரக்கூடாதே. பொன்னை உருக்கிவிட்டால் கலியாணம் வரும் மட்டும் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்க்கவும் கூடாது. ஆகவே அங்கு நடந்ததை நீ மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டிருப்பாய். நான் கண்டதைச் சொல்கிறேன். உன் அப்பா புது வேட்டி கட்டி வந்திருந்தார். தரையில் குந்தி, சிரட்டைக்கரியை மூட்டி, குழலால் ஊதினார். அம்மா பவுணைக் கொடுத்தா. அவர் வாங்கியதும் வேட்டித் தலைப்பால் மஞ்சளைத் துடைக்கப் போனார். தொழில் தெரிந்தவர் கை தன்பாட்டில் செய்வது அது. "மங்கலத்தைத் துடைக்காதேங்கோ. நேரமும் போகுது" என்றா அம்மா. சுபநேரம் முடிய இன்னும் சில நிமிடம்தான் இருந்தது. அவர் தயங்கினார். மகளின் மாமியாராகப் போகிறவ அல்லவா? அப்படியே நெருப்பில் இட்டார்.

பொன் உருகியது. குளிர்ந்ததும் தட்டில் வைத்துக் காட்டினார்கள். உருண்டை வடிவாக வந்திருக்கு, நல்ல சகுனம் என்று பெண்கள் சொன்னார்கள். எங்கள் பக்கத்து வழக்கம், உருக்கிய பொன்னை அந்த இடத்திலேயே சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டவேண்டும். முதல் தட்டுக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவது தட்டுக்கு பிஸ்கட் உடைகிறதுபோல உடைந்தது.

உன் அப்பா துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதிலை ஈயம் கலந்திருக்கு. பவுணில ஏதும் பத்து வைச்சிருந்ததோ அம்மா?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். "எங்கட வீட்டுப் பவுணிலையோ? நீங்கள் கொண்டுவந்த சாமானிலை இருந்திருக்கும். இல்லாட்டி..." என்று அம்மா நிறுத்தினா. அதை முடித்து வைத்தவர் ஒரு மாமா. "இல்லாட்டி பவுண் மாறியிருக்கும்" என்றார். பொன் வேலை செய்பவனைப் பற்றி அந்தக் கூடத்தில் எல்லாரும் மனதில் வைத்திருந்தது அந்த ஒரு வாயில் வந்துவிட்டது. உன் அப்பா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "ஆருக்கும் இந்தப் பவுணைப் பற்றித் தெரியுமோ?" என்று கேட்டார். நான் குங்குமத் தட்டோடு கதவடியில் நின்றேன். அவர் கண் என்னிடம் வந்தபோது தட்டிலிருந்த பூக்களைச் சரிப்படுத்தினேன்.

அண்ணா அம்மாவைப் பார்த்தார். ஒரு வருடம் நின்ற பிடி அந்த இரண்டு துண்டோடு போயிற்று.

உன் அப்பா துண்டுகளைக் கடதாசியில் மடித்தார். யாரிடம் கொடுக்கலாம் என்று பார்த்து, என் தட்டில் வைத்தார். "இது உங்கட பொன், பிள்ளை" என்றார். நெருப்பை அணைத்து, கரியைக்கூட விடாமல் பொறுக்கிக் கட்டிக்கொண்டு போனார். அம்மா அந்தப் பொட்டலம் வீட்டுக்குள் இருக்கக்கூடாது என்றா. நான் ஒளித்து வைத்தேன். ஏன் என்று அன்று எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் நீ வகுப்புக்கு வந்தாய். அழுத முகம் இல்லை. மெஷினில் அடித்தாய், பிழையில்லாமல் ஒரு பக்கம். முடிந்ததும் இருந்த கதிரையை என் பக்கம் திருப்பி, "உனக்கு ஏதும் சொல்ல இருக்கோ?" என்று கேட்டாய். "என்ன சொல்ல?" என்றேன். நீ தலையை ஆட்டினாய். மெஷினுக்கு உறையைப் போட்டாய், நான்கு மூலையையும் இழுத்துச் சரிசெய்தாய், போனாய். அதன் பிறகு அந்த மெஷினில் எழுத்து ஒட்டிக்கொண்டால் எடுத்துவிட ஆளில்லை.

அடுத்த வருடமே எனக்கு நல்ல இடத்தில் கலியாணம் பொருந்தியது. அம்மா பயந்தது ஒன்றும் நடக்கவில்லை. புதுப் பவுண் வாங்கி, வெளிப் பத்தரைக் கூப்பிட்டு, முறைப்படி எல்லாம் செய்தார்கள். அண்ணா கனடா போய் அங்கே ஒரு பெண்ணைக் கட்டினார். கலவரத்தில் உங்கள் தெரு எரிந்த வருடம் நாங்களும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினோம். திரும்பி வந்த பிறகாவது நீ இருக்கிறாயா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இருந்தால் போய்ப் பார்க்கவேண்டி வருமே.

அந்தச் சனிக்கிழமைக்கே திரும்பி வருகிறேன். கூட்டம் எதிர்க்கடையில் வளையல் பார்க்கப் பத்து நிமிடம் கொடுத்தாள் வழிகாட்டிப் பிள்ளை. நான் படியேறினேன். உள்ளே உன் தம்பி. மூக்குக் கண்ணாடி நெற்றியில், கையில் காஸ் விளக்கு. மூன்று பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள், மூலையில் கொம்பியூட்டரும் இருந்தது. தொழில் நன்றாகத்தான் நடக்கிறது, உனக்குச் சந்தோஷமாக இருக்கும். சுவரில் உன் அப்பாவுக்குப் பக்கத்தில் உன் படம். மாலை இன்னும் முழுதாகக் காயவில்லை.

"வாங்கோ அக்கா" என்றான், ஆச்சரியப்படாமல். "ஒருநாள் வருவியள் எண்டு தெரியும். எல்லாம் முடிஞ்ச பிறகு வருவியள் எண்டுதான் தெரியேல்லை."

பொட்டலத்தைப் பட்டடைமேல் வைத்தேன். "தம்பி, அது ஈயப்பத்து. நான் வைப்பிச்சது. உங்கட அப்பாவிலை ஒரு பிழையும் இல்லை" என்றேன். நாற்பத்தைந்து வருடம் தொண்டையில் கிடந்தது இவ்வளவு சின்ன வசனம்.

"தெரியும்" என்றான். "அண்டைக்குப் பின்னேரமே அக்கா சொன்னவ. அப்பா ஈயம் எண்டு சொன்ன உடனை அவவுக்கு விளங்கியிட்டுது. அப்பா அடுத்தநாள் காலமை உங்கட வீட்டை வர வெளிக்கிட்டவர். அக்காதான் உந்தப் படியில குறுக்கை நிண்டவ. 'நாங்கள் போய்ச் சொன்னால் தப்பப் பாக்கினம் எண்டுவினம். அவள் சொல்லுவாள் அப்பா, அவள் என்ர சிநேகிதி' எண்டவ."

நான் அங்கிருந்த மர வாங்கில் அமர்ந்துவிட்டேன். அவன் தண்ணீர் கொடுக்கவில்லை.

"அப்பா அதுக்குப் பிறகு ஆறு வருசம் இருந்தவர்" என்றான். "வெள்ளவத்தைப் பக்கத்து ஆக்கள் ஒருத்தரும் வேலை தரேல்லை. அவர் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லேல்லை. ஆடிவேல் நேரம் ஆரும் படியேறினால் அக்கா எட்டிப் பாப்பா. அப்பா செத்த பிறகு எட்டிப் பாக்கிறதையும் விட்டிட்டா. உங்கட பேர் இந்த வீட்டிலை வந்தது அதோடை சரி."

"இதைச் சுத்தம் செய்து தா தம்பி. அம்மன் கோயிலுக்குக் குடுக்கலாம்" என்றேன். எவ்வளவு கெதியில் எனக்கு ஒரு வழி தோன்றிவிட்டது பார்.

அவன் துண்டுகளை விரலால் தொட்டும் பார்க்கவில்லை. "ஈயத்தை எடுக்கிறது பெரிய வேலை இல்லை அக்கா. ஆனால் நான் எடுக்கமாட்டன். கோயிலிலை குடுத்திட்டு நீங்கள் போய் நிம்மதியாப் படுக்கவோ? அதுக்கோ அக்கா இவ்வளவு காலம் இருந்தவ?" என்றான். குரல் உயரவில்லை. "எனக்கு ஏன் சொல்லுறியள்? எனக்குத் தெரியும். வெளியிலை ஒரு பிள்ளை சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்ர வாசலிலை நிண்டு என்ர அப்பாவைக் கள்ளனாக்கிறா. அவவுக்குச் சொல்லுங்கோ. நான் ஒருக்கால் சொன்னனான், மகன் அப்பிடித்தானே சொல்லுவார் எண்ட மாதிரிச் சிரிச்சா."

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். படியில் நின்றுதான் சொன்னேன், வந்திருந்த எல்லாருக்கும், என் மகளுக்கும். கோர்வையாக வரவில்லை. ரேடியோ கடை முதலில் வந்தது, மஞ்சள் பிறகு வந்தது, வகுப்பில் நீ கேட்டது அதற்கும் பிறகு வந்தது, "கள்ளி நான்தான்" என்று தேவையில்லாமல் ஒன்றும் சொன்னேன். தொப்பி போட்டவர் தொப்பியைக் கழற்றினார். வழிகாட்டிப் பிள்ளையின் கண் விரிந்தது. "அப்ப ஆன்ட்டிதான் அந்த மாப்பிள்ளட தங்கச்சியா?" என்றாள். "ஆன்ட்டி, இன்னொருக்கா சொல்லுவீங்களா? ரெக்கோர்ட் பண்ணட்டா?" ஃபோனை நீட்டினாள். இன்னொரு தரம் சொன்னேன். "இனி ரெண்டு மாதிரியும் சொல்றன் ஆன்ட்டி. கேக்கிறவங்க முடிவெடுக்கட்டும்" என்றாள் அன்பாக.

"ரெண்டு மாதிரி இல்லைப் பிள்ளை. நடந்தது ஒண்டுதான்" என்றேன். தலையாட்டினாள். எந்த மாதிரிச் சொல்லப் போகிறாள் என்று தெரியாது. உடைந்த பொன்னும் கோபக்கார அம்மனும் இருக்கும் கதையை விட்டுவிட்டு, ஒரு கோழைப் பெண் பூக்களைச் சரிப்படுத்திய கதையை யார் கேட்பார்கள்?

திரும்பும்போது கோல்பேஸ் கடற்கரையடியில் மகள், "அவ வந்து கேட்டபோதாவது சொல்லியிருக்கலாமே அம்மா. ஏன் சொல்லேல்லை?" என்றாள். "பயம்" என்றேன். "ஆருக்கு?" என்றாள். அம்மம்மாவுக்கு என்று சொன்னேன். அவள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா செத்தே முப்பது வருடம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் யாருக்குப் பயந்தேன் என்று அவள் கேட்கவில்லை.

இப்போது ஒன்றைத் திருத்தவேண்டும். நீ சொன்னது அந்த நேரம் எனக்கு ஞாபகத்தில் இல்லை என்று மேலே எழுதினேன். எனக்கே இத்தனை வருடம் சொல்லிச் சொல்லிப் பழகியதால் கை அப்படியே எழுதிவிட்டது. அது பொய். குறட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்தபோது, நீ மேசையில் தலை வைத்துச் சிரித்தது, நெருப்புக்குக் கிட்டக் கொண்டு போகாதே என்றது, எல்லாம் ஞாபகம் வந்தது. அம்மாவிடம் சொன்னால் ஏச்சு விழும் என்பதும் வந்தது. என்னை யார் கேட்டு வருவார்கள் என்பதும் வந்தது. கெடவேண்டும் என்று நான் நினைக்கவில்லை, அதை நம்பு. கெட்டால் கெடட்டும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் மஞ்சளைத் தடிப்பாகக் குழைத்தேன்.

அடுத்த நாள் ஞாயிறு. அண்ணா எடுக்கும் நாள். எதையும் மறைக்காமல் சொன்னேன், மஞ்சள் உட்பட.

"நான் அவள்ர அப்பா மாத்திப்போட்டார் எண்டுதான் நினைச்சனான்" என்றார். "அப்பிடி நினைச்சுத்தான் ப்ளேன் ஏறினனான். அவளுக்குத் தெரியுமோ?"

"ஓம். அண்டைக்கே தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ பேசாமல் இருந்தவள்?" அவர் அழுகிறார் என்று எனக்குக் கேட்டது. எழுபது வயது மனிதன். "நீ மழை எண்டனி" என்றார். ஃபோனை வைத்துவிட்டார். நேற்றும் ஞாயிறு. எடுக்கவில்லை.

பொட்டலம் திரும்ப அலுமாரிக்குப் போகவில்லை. கைப்பைக்குள் கிடக்கிறது. மரக்கறி வாங்கப் போகும்போதும் வருகிறது, கோயிலுக்கும் வருகிறது. ஈயத்தை எடுத்துத் தர வேறு எத்தனையோ கடை இருக்கிறது, கேட்கமாட்டேன். அடுத்த சனிக்கிழமை அந்த ஒழுங்கைக்கு நானே தனியாகப் போவதாக இருக்கிறேன், அந்தப் பிள்ளை எந்தக் கதையைச் சொல்கிறாள் என்று படியடியில் நின்று கேட்க. பிழையாகச் சொன்னால் திருத்துவேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் போவேன். உன் தம்பி என்னை உள்ளே கூப்பிடவேண்டாம்.

ஆனால் அது அவர்களுக்கு. உனக்குச் சொல்லவேண்டியது வேறு. அன்றைக்கு நீ கதிரையைத் திருப்பி, உன் அப்பாவின் பெயரையும் உன் கலியாணத்தையும் என் வாயில் விட்டுவிட்டு, உனக்கு ஏதும் சொல்ல இருக்கோ என்று கேட்டாய்.

ஓம். இருந்தது.